ஸ்கேனர் சென்சார் என்றால், நீங்கள் வயரைப் பாருங்கள்

ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் பெட்ரோல் காரில் மஞ்சள் என்ஜின் விளக்கு எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டினால் ‘பி0135’ என்று வருகிறது. “ஆக்சிஜன் சென்சார் போயிருச்சுண்ணே, மாத்திருவோம்” என்கிறார்கள். மாற்றுகிறீர்கள். சில நாளிலேயே அதே விளக்கு, அதே எண்.

அந்த எண் சென்சாரைக் குறை சொல்லவே இல்லை. முன்பக்க சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று மட்டும்தான் சொல்கிறது. சர்க்யூட் என்றால் ஃபியூஸ், ரிலே, வயர், கப்ளர், ஹீட்டர், ஈசிஎம் என்ற என்ஜின் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்தது. அதில் பெட்டியில் போட்டு விலைக்குக் கிடைப்பது சென்சார் என்பதால், முதலில் அதன் தலையில்தான் கை விழுகிறது. பி0141 என்றால் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள சென்சாரின் ஹீட்டர். பி0134 என்றால் முன் சென்சாரிலிருந்து சிக்னல் அசைவே இல்லை. மூன்றுக்குமே வயர் காரணமாக இருக்கலாம்.

சென்சாருக்குள் இருக்கும் சிர்கோனியா சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். சீக்கிரம் சூடாக்கவும், சூடு குறையாமல் வைத்திருக்கவும்தான் ஹீட்டர். ஆகவே பெரும்பாலான கார்களில் நான்கு வயர்கள்: ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும் ஹீட்டருடையவை, மற்ற இரண்டும் சிக்னலும் அதன் எர்த்தும். நம் பழைய டீசல் ஜீப்புகளில் இந்தச் சங்கடமே கிடையாது. கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு அவை பாட்டுக்கு மலையேறும்.

இந்த மலைப் பக்கம் ஓடும் வண்டியில் வயர் பழுதாகும் இடங்கள் ஓரளவு முன்கூட்டியே தெரிந்தவை. பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் தார்ச்சாலையை விட்டுத் தோட்டத்துப் பாதையில் இறங்கினால் சக்கரம் எற்றும் கல் நேராக அடிவயிற்றில் படும். பின் சென்சாரின் வயர் அங்கேதான் போகிறது. முன் சென்சாரில், பிடித்துவைக்கும் கிளிப் உடைந்தால் வயர் தொங்கி மேனிஃபோல்டில் சாய்ந்து உருகிவிடும். பனியும் சாரலும் கப்ளருக்குள் புகுந்தால் பின்களில் பச்சை பூக்கும். ஸ்டோர் பக்கத்தில் வண்டியை நாள்கணக்கில் நிறுத்தினால் எலி பார்த்துக்கொள்ளும்.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு தொடங்குங்கள். வண்டிக்கு அடியில் படுப்பதாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள். முதலில் ஹீட்டர் ஃபியூஸ். அது நன்றாக இருந்தால் சென்சார் கப்ளரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, வண்டிப் பக்கத்துக் கப்ளரின் ஹீட்டர் பின்கள் ஒன்றில் 12 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். சில வண்டிகளில் என்ஜின் ஓடினால்தான் வரும்.

மீட்டர் 12 என்று காட்டியதும் “வயர் நல்லாத்தான் இருக்கு” என்று எழுந்துவிடுவது பெரிய தவறு. உள்ளே ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 காட்டும். அதற்கு வேண்டிய கரண்ட் அவ்வளவு சொற்பம். ஆகவே 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை அந்தப் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில் கொடுத்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் சப்ளை சரி. மங்கினால் வயரை மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டே வாருங்கள். பல்பு மினுக்கும் இடத்தில்தான் கோளாறு. பிறகு 5 வாட் பார்க்கிங் பல்பை இரண்டு ஹீட்டர் பின்களுக்கும் நடுவில் மாட்டி என்ஜினை ஓடவிடுங்கள். ஈசிஎம் எர்த் கொடுக்கிறது என்றால் அது எரியும், விட்டுவிட்டு எரிந்தாலும் பரவாயில்லை. இரண்டும் தேறிய பிறகுதான் சென்சார் பக்கத்துக்குப் போக வேண்டும்: ஆறிய சென்சாரின் ஹீட்டர் பின்களுக்கிடையே பெரும்பாலும் 5 முதல் 15 ஓம் வரை இருக்கும். ஓப்பன் காட்டினால் ஹீட்டர் அறுந்துவிட்டது, சந்தேகமில்லாமல் மாற்றலாம். சிக்னல் பின்களில் மட்டும் பல்பும் வேண்டாம், ஓம் மீட்டரும் வேண்டாம்.

சிக்னலைப் பார்க்க முந்தலிலிருந்து போடிமெட்டு வரை போகும் 17 கொண்டை ஊசி வளைவுகளைவிட நல்ல இடம் இல்லை. வண்டி ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். பக்கத்தில் இருப்பவர் ஸ்கேனரைப் பார்க்கட்டும். ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்து ஏறும்போது முன் சென்சார் 0.8, 0.9 வோல்ட் பக்கம் போக வேண்டும். இறங்கும்போது இரண்டாவது கியரில் காலை எடுத்துவிட்டால் என்ஜின் பெட்ரோலையே நிறுத்திவிடும், சைலன்சரில் வெறும் காற்றுதான் போகும், அளவு 0.1க்குக் கீழே விழும். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது ஆரோக்கியம். ஏற்றத்திலும் இறக்கத்திலும் 0.45 பக்கத்திலேயே அசையாமல் நின்றால் பல கார்களில் அது ஈசிஎம் தானே வைக்கும் அளவு. சிக்னல் வயர் அறுந்திருக்கலாம், அல்லது சென்சார் சூடாகவே இல்லை. நீண்ட இறக்கத்தில் சைலன்சர் ஆறுவதால், ஹீட்டர் வேலை செய்யாத வண்டி மேலே சரியாக இருந்துவிட்டு அடிவாரத்தில் வந்து குழப்பும். புதிய கார்கள் சிலவற்றில் முன் சென்சார் வேறு வகை. அவற்றுக்கு இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது.

“மேலே காற்று குறைவு, அதான் சென்சார் தப்பாக் காட்டுது” என்பதையும் கேட்டிருப்பீர்கள். சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 15 சதவீதம் குறைவது உண்மைதான். அதைக் கணக்கில் எடுக்க வேறு சென்சார் இருக்கிறது, ஆக்சிஜன் சென்சாரை வீணாகப் பழிக்க வேண்டாம்.

அறுந்த வயரை வண்டிப் பக்கத்தில் ஒட்டுவதென்றால் நல்ல கிரிம்ப் போட்டு, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் ஏற்றி, சூடான குழாயிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். வெறும் டேப் சுற்றினால் சூட்டில் பசை இளகி ஒரே மாதத்தில் அவிழும். சென்சாரோடு வரும் வயரில் மட்டும் சால்டர் வைக்கவே கூடாது. கப்ளரில் கிரீஸும் அப்பக் கூடாது. பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வெளிக்காற்றை அந்த வயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் உள்ளே இழுக்கின்றன. அடைத்துவிட்டால் நல்ல சென்சாரும் பொய் சொல்லும். மாற்றியே தீர வேண்டுமென்றால், உங்கள் கப்ளரோடு வரும் சென்சாரையே வாங்குங்கள். வயரை வெட்டி ஒட்டச் சொல்லும் பொது ரகம் விலை குறைவு, ஆனால் மழைக்காலத்தில் அந்த ஒட்டு அவிழ்ந்தால் மறுபடி பல்பும் மீட்டருமாகப் படுக்க வேண்டியதுதான்.