பரப்பளவு வாரியாக அடுக்குவது எப்படி?

கேள்வி: பைத்தானில் செவ்வகத்துக்கு ஒரு கிளாஸ் எழுதினேன். அந்த ஆப்ஜெக்ட்டுகளைச் சார்ட் செய்தால் டைப்எரர் வருகிறதே?

பதில்: இரண்டு செவ்வகங்களில் எது சிறியது என்று பைத்தானுக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். பரப்பளவைக் கணக்கிடும் ஃபங்ஷனை 'சார்ட்டட்'டுக்கு 'கீ'யாகக் கொடுங்கள். ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் கணக்கு ஒரே முறைதான் நடக்கும். கிடைக்கும் லிஸ்ட்டில் ஃபார் லூப் ஓட்டலாம்.

கிளாஸுக்குள், எது சிறியது என்று சொல்லும் 'எல்டி' மெத்தட் எழுதினாலும் சார்ட் ஆகும். ஆனால், இரண்டும் சமமா என்று சொல்லும் 'ஈக்யூ' மெத்தடைப் பரப்பளவை வைத்து எழுதாதீர்கள். 2க்கு 6, 3க்கு 4 இரண்டின் பரப்பும் 12தான். அதற்காக இரண்டும் ஒரே செவ்வகமா? தவிர, ஹாஷ் மெத்தட் இல்லாமல் ஈக்யூ மட்டும் எழுதினால், பைத்தான் 3இல் அந்த ஆப்ஜெக்ட்டைச் செட்டில் போட முடியாது. கீ வழியில் இந்தத் தொல்லையே இல்லை. நாளை சுற்றளவு வாரியாகக் கேட்டாலும் கீயை மாற்றினால் போதும்.