புற்றுநோய்ச் சிகிச்சையும் நற்கிருமிகளும்

சென்ற கோடையில் குடிநீர்ப் பணியைப் பார்வையிட நமது ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் ஊராட்சிக்குச் சென்றிருந்தோம். அவ்வூரில், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றுவந்த தாயார் ஒருவர் மூன்றாம் வாரத்திலேயே சிகிச்சையை விட்டு வீடு திரும்பியிருந்தார். காரணம் பணமன்று, நாளொன்றுக்கு எட்டுப் பத்துத் தடவை வயிற்றுப்போக்கு. பேருந்தில் ஏறி அமரவே அவர் அஞ்சினார். “மருந்தே நோயாகிவிட்டது, ஐயா” என்றார் அவருடைய மகன்.

இது ஏன் நேர்கிறது? கதிர்வீச்சு, விரைந்து பெருகும் அணுக்களையே அதிகமாகத் தாக்கும். புற்றணுக்கள் அத்தகையவை. ஆனால், சில நாட்களுக்கொரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் குடலின் உட்படலமும் அத்தகையதே. அடிவயிற்றில் கதிர் பாயும்போது அப்படலம் புண்ணாகிறது. குடலில் வாழும் நற்கிருமிகளின் கூட்டமும் நிலைகுலைகிறது. எனினும் சிகிச்சையை இடையில் நிறுத்துவது பெருந்தவறாகும். பொதுவாக ஐந்து வாரங்களில் 25 தடவை வெளிக்கதிரும், பின்னர் உட்கதிரும் அளித்து, எல்லாவற்றையும் எட்டு வாரங்களுக்குள் முடிக்க மருத்துவர்கள் முயல்கின்றனர். இடைவெளி நீண்டால் எஞ்சிய புற்றணுக்கள் மீண்டும் தலைதூக்கும்.

பாலைத் தயிராக்கும் இனத்தைச் சேர்ந்த கிருமிகள் இத்தொல்லையைத் தணிக்குமா என்று பல நாடுகளில் ஆராய்ந்துள்ளனர். ‘புரோபயாடிக்’ என்னும் பெயரில் மருந்துக் கடைகளில் கிடைப்பவை இவையே. இத்தாலியில் சுமார் 490 நோயாளிகளிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், வெற்று மருந்து உண்டவர்களில் 100-க்கு 52 பேருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. நற்கிருமி உண்டவர்களில் 32 பேருக்கே கண்டது. தாய்லாந்தில் கருப்பை வாய்ப் புற்றுநோயுற்ற 63 பெண்களிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்விலும் கடுமையான போக்கு வெகுவாகக் குறைந்தது. ஆயினும் 2018-இல் காக்ரேன் அமைப்பினர் 12 ஆய்வுகளை ஒருங்கே சீர்தூக்கி, சான்றின் உறுதி குறைவே என்றனர். பயன் இருக்கலாம், அறுதியிட்டுக் கூறுவதற்கில்லை என்பதே இதன் பொருள். புற்றுநோயை இக்கிருமிகள் குணப்படுத்தும் என்று எவரேனும் விற்க வந்தால் நம்பவேண்டாம்.

“வீட்டுத் தயிர் போதாதா?” என்று அன்பர்கள் கேட்கக்கூடும். ஆய்வுகளில் அளிக்கப்பட்டவை இன்ன வகை, இத்தனை கோடி என்று அளந்து தயாரித்தவை. நம் வீட்டு உறைமோரில் எவ்வகைக் கிருமி, எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு மாறும். கதிர்வீச்சின்போது பால் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு மோர் ஒத்துக்கொள்வதுண்டு. அது உணவு, அந்த அளவில் நன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஊசி வழியாகவோ மாத்திரையாகவோ புற்றுநோய் மருந்து பெறுவோருக்கு இரத்தத்தின் வெள்ளணுக்கள் மிகக் குறையும் நாட்கள் உண்டு. அந்நாட்களில் உயிருள்ள கிருமிகளை உட்கொள்வதால், அரிதாக, அவை இரத்தத்திலேயே கலந்து உயிருக்கு ஆபத்து விளைந்ததுண்டு. ஆகவே மருத்துவரைக் கேளாமல் எந்தப் பொட்டலத்தையும் வாங்கித் தரலாகாது.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யக்கூடியது யாது? போக்கு தொடங்கிய அன்றே மருத்துவமனைக்குத் தெரிவிக்கச் செய்யலாம். கூச்சத்தால் பெண்கள் பலர் சொல்லுவதில்லை. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்காத வேளையில், காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். காய்ச்சலோ, மலத்தில் இரத்தமோ கண்டால் காத்திராமல் வண்டி ஏற்பாடு செய்யவேண்டும்.

மேற்சொன்ன தாயாரை, ஊராட்சித் தலைவியும் கிராம சுகாதாரச் செவிலியரும் மறுநாளே அழைத்துச் சென்றனர். போக்கை நிறுத்தும் மாத்திரையும், கரைசலும், நற்கிருமிக் குளிகையும் அங்கே அளித்தனர். மூன்றில் எதனால் குணம் கண்டது என்று நம்மால் பிரித்துச் சொல்ல இயலாது. எஞ்சிய நாட்களுக்கெல்லாம் அவர் தவறாமல் சென்றுவந்தார்.