கணக்கு எழுதுவதும் தொண்டுதான்



இந்த மாதப் பாடம் அரசாங்க மானியத்தைப் பற்றியது. "சமயமும் சேவையும் பேசுகிற இடத்தில் மானியத்துக்கு என்ன வேலை, அண்ணே?" என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நான் செய்த தவறுகளிலேயே என்னை அதிகம் வருத்தியது ஒரு மானியக் கணக்கில்தான் நடந்தது. அதை மறைக்காமல் சொன்னால் உங்கள் கிளைக்கு உதவும்.

எங்கள் ஊர்

நான் சுங்கை சிப்புட்காரன். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் சாலையில் உள்ள ஊர். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள். தாத்தா, பாட்டி எல்லாரும் பால்மரம் வெட்டியவர்கள். பிறகு பல தோட்டங்கள் கைமாறின, ரப்பர் போய் செம்பனை வந்தது, லயத்தில் இருந்தவர்கள் பட்டணத்து மலிவு வீடுகளுக்கு வந்தார்கள். தோட்டத்தில் கோயில் இருந்தது, பள்ளி இருந்தது, பால்வாடி இருந்தது. வெளியே வந்தபோது இவை எதுவும் கூட வரவில்லை. படித்த பிள்ளைகள் ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். ஊரில் இருப்பது வயதானவர்களும், படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளும், இரவு வேலைக்குப் போகும் அம்மாக்களும்தான்.

இப்படிப்பட்ட ஊர்களுக்காகத்தான் மானியம் வந்தது. இந்தியர்களின் சமூக, பொருளாதார மேம்பாட்டுக்காக 2014-இல் பிரதமர் துறையின் கீழ் செடிக் என்ற பிரிவு அமைந்தது. 2018-இல் அதன் பெயர் மித்ரா என்று மாறியது. வரவுசெலவுத் திட்டத்தில் அதற்குப் பல ஆண்டுகள் 10 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. அதில் ஒரு பகுதி சங்கங்களும் அறவாரியங்களும் நடத்தும் திட்டங்களுக்குப் போனது. வேறு அமைச்சுகளும் மாநில அரசுகளும் இதுபோன்ற உதவிகள் தருவது உண்டு.

நடந்தது என்ன

2016-ஆம் ஆண்டு. எனக்கு 24 வயது. எங்கள் இளைஞர் குழுவுக்கு நான் செயலாளர். ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு இலவச வகுப்பு நடத்த ஓர் அரசுத் துறையிடம் 30,000 வெள்ளி கேட்டோம். கிடைத்தது! முதல் தவணை 15,000. அதற்குக் கணக்கும் அறிக்கையும் கொடுத்தால் இரண்டாம் தவணை 15,000.

பிப்ரவரியில் கோயில் மண்டபத்தில் வகுப்பு தொடங்கியது. 42 பிள்ளைகள். மலாய்மொழி, வரலாறு, கணிதம். மலாய்மொழியும் வரலாறும் முக்கியம் என்பது உங்களுக்கே தெரியும். 2013-இலிருந்து வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றால்தான் எஸ்.பி.எம். சான்றிதழ். மற்ற பாடங்களில் எத்தனை 'ஏ' வாங்கினாலும் இந்த இரண்டில் ஒன்று போனால் சான்றிதழ் கையில் கிடைக்காது.

வகுப்பு நன்றாகத்தான் நடந்தது. கணக்குதான் நடக்கவில்லை. ஆசிரியர்களுக்கு மூன்று மாத அலவன்ஸை ரொக்கமாகக் கொடுத்தோம், கையெழுத்து வாங்கவில்லை. தெரிந்தவர் கடை என்று பில் இல்லாமல் காகிதமும் நகல் எடுக்கும் செலவும் செய்தோம். திறப்பு விழாவுக்கு ஒரு பிரமுகரை அழைத்தோம், சாப்பாடு போட்டோம். அந்தச் சாப்பாடு நாங்கள் கொடுத்த திட்டத்திலேயே கிடையாது. "அப்புறம் பார்த்துக்கலாம்டா" என்று நான்தான் சொன்னேன்.

ஜூலையில் கணக்குக் கேட்டார்கள். 15,000 வெள்ளியில் 9,640-க்குத்தான் எங்களிடம் காகிதம் இருந்தது. மீதி 5,360. அலவன்ஸ் 2,700, சாப்பாடு 1,450, காகிதமும் நகலும் 1,210. யாரும் ஒரு காசு எடுக்கவில்லை. ஆனால் அதை எதை வைத்துக் காட்டுவது?

அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண்மணி. கோபப்படவில்லை. அவர் சொன்னதன் பொருள் இதுதான்: "நான் உங்களைத் திருடர் என்று சொல்லவில்லை. ஆனால் இது மக்கள் பணம். காகிதம் இல்லாத செலவுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?"

இரண்டாம் தவணை வரவில்லை. ஆகஸ்டில் வகுப்பு நின்றது. தேர்வுக்கு மூன்று மாதம்தான் இருந்தது.

கடைசி நாள் ஒரு மாணவி என்னிடம் வந்தாள். அவள் அம்மா கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர். "அண்ணே, அடுத்த வாரம் வரலாறு இருக்குல்ல?" என்றாள். "இல்லம்மா, கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சிருக்கோம்" என்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

மறு ஆண்டு மார்ச்சில் முடிவு வந்தது. வரலாற்றில் அவள் தேறவில்லை. சான்றிதழ் இல்லை. ஜூன் மாத மறுதேர்வுக்கு நாங்கள் இரண்டு பேர் முறைவைத்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். தேறினாள். ஆனால் அவள் தோழிகள் எல்லாம் மேற்படிப்புக்குப் போன பிறகுதான் இவள் கையில் சான்றிதழ் வந்தது. அந்த இடைவெளிக்கு என்னுடைய 'அப்புறம் பார்த்துக்கலாம்' ஒரு காரணம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கல்வெட்டில் இருக்கும் பாடம்

பிறகு ஒரு நாள் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் படித்தேன். காஞ்சிபுரத்துக்கு அருகில் உள்ள ஊர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921 வாக்கில், ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை மூலம் தேர்ந்தெடுக்கும் முறையைக் கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். யார் உறுப்பினராகலாம், யார் ஆகக்கூடாது என்று பட்டியலே இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவர் மட்டுமா? அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை!

'திருடியவர்' என்பது வேறு குற்றமாகத் தனியே வருகிறது. 'கணக்குக் காட்டாதவர்' என்பதே தனித் தகுதிக்குறைவு. எனக்குச் சுருக்கென்றது. நான் எடுக்கவில்லை என்பது போதாது. எடுக்கவில்லை என்று காட்டவும் வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மவர்கள் கோயில் சுவரில் எழுதி வைத்ததை நாம் மண்டபத்து மேசையில் மறந்துவிட்டோம்.

பொதுப்பணம் கோயில் உண்டியல் மாதிரி. போட்டவர் யார் என்று தெரியாது, ஆனால் யாருக்குரியது என்று தெரியும். 2021-இல் மித்ரா மானியங்கள் சிலவற்றைப் பற்றி ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை நடத்தியபோது, நாட்டில் ஒழுங்காக வேலை செய்த சின்னச் சின்னச் சங்கங்கள்கூடத் தலைகுனிந்து நின்றன. 'இந்தியர் சங்கம்னாலே இப்படித்தான்' என்ற பேச்சைக் கேட்டோம். ஒருவர் கணக்கு மற்றவர் மானத்தையும் சேர்த்துத் தாங்குகிறது.

நாங்கள் எப்படி எழுந்தோம்

செயலவையில் 8 பேர். ஆளுக்கு 670 வெள்ளி. மாதம் 134 வீதம் ஐந்து மாதத்தில் காகிதம் இல்லாத 5,360 வெள்ளியையும் திருப்பிக் கட்டினோம். அப்போது எங்களில் மூன்று பேருக்கு வேலையே இல்லை. மற்றவர்கள் தாங்கினார்கள்.

அப்போதுதான் எங்கள் ஊர்க்காரரான துன் வீ.தி. சம்பந்தனைப் பற்றி அடிக்கடி பேசிக்கொண்டோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்த காலத்தில், 1960-இல், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடமே பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. பால்மரம் வெட்டியவர்கள் தங்கள் கைக்காசை நம்பிக் கொடுத்தார்கள். மானியத்துக்கு முன்பே நம்மிடம் இருந்த முதல் அதுதான், நம்பிக்கை.

நாங்களும் கைக்காசில் தொடங்கினோம். வாரம் ஒரு நாள், ஒரே பாடம். மாதக் கணக்கை மண்டபத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். முதல் மாதம் 'வரவு 180, செலவு 164, கையிருப்பு 16'. அதைப் பார்த்து ஒரு பாட்டி 10 வெள்ளி கொடுத்துவிட்டு, "என் பேரையும் எழுது" என்றார். எழுதினோம். 2019-இல் மறுபடி ஒரு சிறு மானியம் கேட்டோம், 8,000 வெள்ளி. ஒவ்வொரு வெள்ளிக்கும் காகிதத்தோடு முடித்துக் கொடுத்தோம்.

உங்கள் கிளைக்கு ஐந்து படிகள்

1. முதலில் ஊரைக் கேளுங்கள். மானியம் எதற்குக் கிடைக்கிறது என்று பார்த்துத் திட்டம் போடாதீர்கள். 20 வீடாவது ஏறி இறங்குங்கள். நாங்கள் கணினி வகுப்பு வேண்டும் என்று நினைத்தோம். அம்மாக்கள் கேட்டது, இரவு வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளை பாதுகாப்பாக உட்கார்ந்து படிக்க ஓர் இடம்.

2. சங்கத்தின் காகிதங்களைச் சரிசெய்யுங்கள். 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கம், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். இளைஞர் சங்கங்களுக்கென்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. உங்கள் சங்கம் எதன்கீழ் பதிவானது என்று உங்கள் செயலாளருக்காவது தெரியுமா? கேட்டுப் பாருங்கள். பதிவுச் சான்றிதழ், கூட்டக் குறிப்பு, பொறுப்பாளர் பட்டியல், வங்கி அறிக்கை எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். விண்ணப்பத்தின் கடைசி நாளில் இவற்றைத் தேட முடியாது.

3. செலவுத் திட்டத்தை உண்மையாக எழுதுங்கள். விலை விசாரித்து, கடையின் விலைப்பட்டியலோடு எழுதுங்கள். பெருக்கிக் கேட்டால் பெருக்கிக் கணக்குக் காட்ட வேண்டிவரும். அங்கேதான் பொய் நுழைகிறது. திட்டத்தில் இல்லாத செலவு வந்தால், செய்வதற்கு முன் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

4. பணம் வந்த நாளிலிருந்து எழுதுங்கள். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, காசோலைக்கு இரண்டு கையெழுத்து. ஒவ்வொரு செலவுக்கும் பில், வவுச்சர், பெற்றவர் கையெழுத்து. மூன்றும் இல்லாமல் ஒரு வெள்ளிகூட வெளியே போகக்கூடாது. பில்லை அன்றே கைப்பேசியில் படம் எடுங்கள். மெல்லிய காகிதத்தில் அச்சிட்டது சில மாதத்தில் வெளுத்துவிடும். வருகைப் பதிவும் கணக்கில் சேர்ந்ததுதான்.

5. மானியம் முடிந்த மறுநாளை யோசியுங்கள். விண்ணப்பம் எழுதும்போதே, "பணம் நின்றால் இந்த வகுப்பு எப்படி நடக்கும்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் திட்டத்தைச் சிறிதாக்குங்கள். நாலு மாதத்தில் நின்றுபோகும் பெரிய வகுப்பைவிட, நாலு வருடம் நடக்கும் சின்ன வகுப்பு பிள்ளைகளுக்கு நல்லது.

படித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மானியத்தில் ஒரு முரண் இருக்கிறது. உதவி அதிகம் தேவைப்படும் ஊரில்தான் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் குறைவு. கோலாலம்பூரில் இருக்கும் சங்கத்துக்கு மலாயில் அழகாகத் திட்டம் எழுத ஆள் உண்டு, கணக்காய்வாளர் உண்டு. எங்கள் ஊரில் 15 வருடமாகச் சமையல் செய்து முதியோருக்கு உணவு கொடுக்கும் அக்காக்கள் குழுவுக்கு ஒரு பாரத்தை நிரப்பவே ஆள் இல்லை. அவர்களிடம் தொண்டு இருக்கிறது, தாள் இல்லை. நம்மில் பலரிடம் தாள் இருக்கிறது, தொண்டுக்கு நேரம் இல்லை.

நீங்கள் கணக்கியல் படிக்கிறீர்களா? மலாயில் கடிதம் எழுத வருமா? மாதம் ஒரு சனிக்கிழமை உங்கள் ஊருக்குப் போய் அந்த அக்காக்களோடு உட்காருங்கள். பில்களை வரிசைப்படுத்திக் கொடுங்கள். மேடை கிடையாது, மாலை கிடையாது, படமும் பத்திரிகையில் வராது. ஆனால் அந்த ஒரு கோப்பினால் ஒரு வகுப்பு ஆகஸ்டில் நிற்காமல் நவம்பர் வரை நடக்கலாம்.

கிளைக் கூட்டத்தில் பேச

1. நம் கிளையின் கடந்த மூன்று மாதக் கணக்கை இன்றே பொதுவில் ஒட்ட முடியுமா? முடியாதென்றால் தடை எது?

2. 'நான் எடுக்கவில்லை' என்பதற்கும் 'நான் கணக்குக் காட்டினேன்' என்பதற்கும் என்ன வேறுபாடு?

3. நம் ஊரில் காகித வேலைக்கு ஆள் இல்லாமல் தவிக்கும் குழு எது? இந்த மாதம் அவர்களிடம் யார் போகப்போவது? பெயரும் தேதியும் குறிப்பில் எழுதுங்கள்.

அடுத்த கூட்டத்தில் அந்தக் குறிப்பை முதலில் வாசியுங்கள்.