தேநீர்க் கடையும் வளரும் பிள்ளைகளும்

மியான்மரின் யாங்கூன் நகரத்துத் தின்கன்ஜூன் வட்டாரத்து வாலிபப் பிள்ளைகளைத் தேநீர்க் கடைப் பக்கமே போகலாகாதென்று நிர்ப்பந்திப்பது வியர்த்தம். அங்கே எதைக் கேட்டு வாங்குவது என்னும் விவேகத்தைப் பழக்குவதே உசிதம். மீனும் வாழைத்தண்டும் எலுமிச்சைப்புல்லும் சேர்ந்து கொதிக்கும் மொஹிங்கா காலை ஆகாரத்துக்கு உத்தமமானது. அதன்மேல் நொறுக்கிப் போடும் எண்ணெய்ப் பலகாரத்தை ஒன்றோடு நிறுத்தி, அவித்த முட்டையொன்றைக் கூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அபாயம் தேநீரில்தான். அதில் கலக்கும் இனிப்பிட்ட டின்பால் ஒரு மேசைக்கரண்டியில் சேர்த்த சர்க்கரை மாத்திரம் சுமார் 9 கிராம் இருக்க, நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் அடங்குவது நலம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் பெரியவர்களுக்கு மொழிந்த அளவு மூன்றே கரண்டியில் தாண்டிப்போகிறது. இரண்டாவது கோப்பைக்கு, மேசைமீது இலவசமாகவே வைத்திருக்கும் பச்சைத் தேயிலை நீர் போதும். தகப்பனார் முதலில் அதை ஊற்றிக் குடித்தால் உபதேசமே அநாவசியம்.