எழுத்துக் கல்வி: செலவும் பயனும்

நுழையும்முன்

எழுத்தாளராக வேண்டும் என்னும் விருப்பம் உங்களுள் சிலருக்கு இருக்கலாம். அதற்கெனத் தனிப் பட்டப்படிப்புகள் சில நாடுகளில் உள்ளன. அவற்றின் செலவையும் பயனையும் ஒப்பிட்டு நோக்குவது, எந்தக் கல்வியையும் ஆராய்ந்து தேர்ந்தெடுக்கும் முறையை நமக்குக் கற்றுத்தரும்.

பயிலரங்கின் தோற்றம்

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எழுத்தாளர் பயிலரங்கு 1936ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் 1970ஆம் ஆண்டு இத்தகைய முதுகலைப் படிப்பு தோன்றியது. மாணவர் ஒருவர் எழுதிய கதையையோ கவிதையையோ உடன் பயில்வோர் முன்னரே படித்து வந்து, அதன் நிறைகுறைகளை வகுப்பில் விவாதிப்பர். இதுவே இக்கல்வியின் மையம்.

இருவகைச் செலவு

அமெரிக்காவில் இப்படிப்பு பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் நடைபெறும். பட்டத்தின் பெயர் ஒன்றாயினும் செலவு இடத்துக்கிடம் வேறுபடும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மிச்செனர் மையம் கட்டணம் பெறுவதில்லை. வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகையும் வழங்குகிறது. வேறு சில பல்கலைக்கழகங்களில், இளங்கலை மாணவர்க்குக் கட்டுரை எழுதக் கற்பித்தால் கட்டண விலக்கும் ஊதியமும் கிடைக்கும். இவ்வுதவிகள் இல்லாத இடங்களில் பலர் கடன் பெற்றே பயில்கின்றனர்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக் கட்டணம் 40,000 டாலர், வாழ்க்கைச் செலவு 25,000 டாலர் எனக் கொள்வோம். இரண்டாண்டுகளுக்கு 1,30,000 டாலர் ஆகும். கடனாயின் வட்டியும் சேரும். கட்டண விலக்கும் 25,000 டாலர் உதவித்தொகையும் பெறும் மாணவரோ அதே பட்டத்தைக் கடனின்றிப் பெறுவார். இருவரும் அவ்வாண்டுகளில் வேலைக்குச் சென்றிருந்தால் ஈட்டியிருக்கக்கூடிய வருவாயையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

பயன் யாது?

கிழக்கு ஆங்கிலியாவில் 1980ஆம் ஆண்டு பட்டம் பெற்ற கசுவோ இஷிகுரோ, 2017இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றார். இதைக் கொண்டு பட்டமே புகழ் தரும் என முடிவு செய்யலாகாது. வென்றவரை மட்டும் எண்ணி, உடன் பயின்ற ஏனையோரை எண்ணாது விடுதல் முறையான ஒப்பீடு ஆகாது. ரேமண்ட் கார்வர் அயோவாவில் படிப்பை முடிக்காமலே வெளியேறினார். எனினும் சிறந்த சிறுகதையாசிரியராகப் போற்றப்பட்டார். டோனி மாரிசன் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் பயின்று 1955இல் முதுகலைப் பட்டம் பெற்றவர். பதிப்பகத்தில் பணியாற்றிக்கொண்டே நாவல்கள் எழுதிய அவர், 1993இல் நோபல் பரிசு பெற்றார்.

அவ்வாறாயின் இக்கல்வி தருவது யாது? எழுதுவதற்கான காலம், கூர்ந்து படிக்கும் வாசகர், கல்லூரிகளில் கற்பிக்க விண்ணப்பிக்கும் தகுதி ஆகியவற்றைத் தரும். நிலையான வருவாய்க்கோ நூல் வெளியீட்டுக்கோ அது உறுதி அளிப்பதில்லை. இவற்றுள் தலையாயது காலமே. பெருங்கடன் பட்டுப் பயின்றவர், அக்கடனை அடைப்பதற்காகவே எழுதும் நேரத்தை இழக்க நேரிடும். எனவே, கல்லூரியின் பெயரை மட்டும் நோக்காது, படிப்பு முடிந்த மறுநாள் நம் கையில் எஞ்சுவது யாது என எண்ணித் தேர்ந்தெடுத்தலே அறிவுடைமை.

கற்பவை கற்றபின்

பன்னிரண்டாம் வகுப்பிற்குப்பின் நீங்கள் பயில விரும்பும் இரண்டு படிப்புகளைத் தேர்ந்தெடுத்து, கட்டணம், விடுதிச் செலவு, கால அளவு, உதவித்தொகை, வேலைவாய்ப்பு ஆகியவற்றை அட்டவணைப்படுத்தி வகுப்பறையில் கலந்துரையாடுக.