தோலில் ஆறாம் நிலை குரோமியம்: ஹைட்ரஜன் பறிப்பின் ஆற்றல் தடையைக் கணக்கிடும் வழி

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளில் பதனிடும் டிரம்முக்குள் போடுவது மூன்றாம் நிலை குரோமியம்தான். ஆனாலும் கப்பலேறிய ஷூவில் சில சமயம் நச்சான ஆறாம் நிலை குரோமியம் தலைகாட்டிவிடுகிறது. உடலில் படும் தோல்பொருளில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினால் 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க முடியாது. இதற்கு ஒரு முக்கியக் காரணம், தோலை மென்மையாக்கச் சேர்க்கும் ஃபேட்லிக்கர் எண்ணெய். எண்ணெயின் கொழுப்பு அமிலத்திலிருந்து பெராக்சில் ரேடிக்கல் ஒரு ஹைட்ரஜனைப் பறிக்க, எண்ணெய் சிக்குப்பிடிக்கிறது. அப்போது உருவாகும் பெராக்சைடுகள் குரோமியத்தை ஆறாம் நிலைக்கு ஏற்றுகின்றன. அந்தப் பறிப்புக்கான ஆற்றல் தடையை வேதியியல் முதுகலை மாணவர் ஒருவர் நல்ல லேப்டாப்பிலேயே கணக்கிடலாம். கல்விப் பயனுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஓர்கா மென்பொருளும், மூலக்கூறு வரைய அவகாட்ரோவும் போதும்.

முழுக் கொழுப்பு அமிலத்தை எடுக்காதீர்கள். லினோலியிக் அமிலத்துக்குப் பதில் 1,4-பென்டாடையீன், ஓலியிக் அமிலத்துக்குப் பதில் 2-பென்டீன், ரேடிக்கலுக்கு மெத்தில்பெராக்சில் என வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூலக்கூறில் இரு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவிலுள்ள கார்பனிலிருந்தும், இரண்டாவதில் நான்காம் கார்பனிலிருந்தும் ஹைட்ரஜனைப் பறிக்க வேண்டும்.

கணக்கீட்டு முறையாக எம்06-2எக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பலரும் பழக்கத்தில் போடும் பி3எல்ஒய்பி, இவ்வகை வினைகளில் தடையைக் குறைத்தே காட்டும். வடிவத்தைச் சிறிய அடிப்படைத் தொகுதியில் சீராக்கி, ஆற்றலை மட்டும் டெஃப்2-டிஇசட்விபி-யில் மறுபடி கணக்கிட்டால் நேரம் மிச்சம்.

கவனம் முழுக்க வேண்டியது தடையின் உச்சியான மாறுநிலையில்தான். கார்பன்–ஹைட்ரஜன், ஹைட்ரஜன்–ஆக்சிஜன் தூரங்கள் இரண்டையும் சுமார் 1.3 ஆங்ஸ்ட்ராமிலும், நடுக்கோணத்தை 170 பாகையருகிலும் வைத்து, அந்தத் தூரங்களைப் பூட்டி மற்றதைச் சீராக்குங்கள். பிறகு பூட்டை எடுத்துவிட்டு மாறுநிலைத் தேடலை ஓட்டுங்கள். முடிவில் கற்பனை அதிர்வெண் ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். அந்த அதிர்வைத் திரையில் ஓடவிட்டுப் பாருங்கள்: ஹைட்ரஜன் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே போய்வர வேண்டும். மெத்தில் குழு சுழல்வது மட்டும் தெரிந்தால் அது நீங்கள் தேடும் மாறுநிலை அல்ல. இணையற்ற எலக்ட்ரான் ஒன்று உள்ள அமைப்பு என்பதால் எலக்ட்ரான் தற்சுழற்சியின் வர்க்க மதிப்பு (S²) 0.75-ஐ ஒட்டி வர வேண்டும்; 0.80-ஐத் தாண்டினால் அந்த எண்ணை நம்பாதீர்கள். வினைப்பாதையை இருபுறமும் ஓட்டி, அது சரியான மூலக்கூறுகளில் போய் முடிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

தடை என்பது மாறுநிலையின் கட்டிலா ஆற்றலிலிருந்து, தனித்தனியாக நிற்கும் இரு வினைபடுபொருள்களின் ஆற்றலைக் கழித்தது. மென்பொருள் 1 வளிமண்டல அழுத்தத்துக்கே விடை தரும். லிட்டருக்கு 1 மோல் அளவுக்கு மாற்ற 1.9 கிலோகலோரியைக் கழியுங்கள். ஹைட்ரஜன் லேசான அணு, தடையைத் துளைத்தும் போகும். விக்னர் திருத்தத்தால் பெருக்கினால் வேகம் சில மடங்கு கூடும்.

இனி, அளந்த மதிப்புகளோடு ஒப்பிட்டுச் சோதனை. 30 பாகை செல்சியஸில் லினோலியேட்டின் பறிப்பு வேக மாறிலி சுமார் 62 லிட்டர்/(மோல்·நொடி), ஓலியேட்டுக்கு 0.9-ஐ ஒட்டியது. ஐரிங் சமன்பாட்டில் போட்டால் தடைகள் முறையே மோலுக்கு 15.3, 17.8 கிலோகலோரி. வித்தியாசம் 2.5 கிலோகலோரிதான், வேகமோ எழுபது மடங்கு! 1.4 கிலோகலோரி பிசகினாலே வேகம் பத்து மடங்கு மாறிவிடும் என்பதால், தனித்த தடையைவிட இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையே நம்புங்கள். ஒரே முறையில் செய்யும்போது பிழைகள் பெருமளவு ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். மீன் எண்ணெயில் இப்படி இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே சிக்கிய ஹைட்ரஜன்கள் இன்னும் அதிகம். அந்த எண்ணெயை ஃபேட்லிக்கராகச் சேர்க்கும்போது ஏன் கூடுதல் எச்சரிக்கை தேவை என்பது இங்கே புரியும்.

வித்தியாசம் சரியாக வந்துவிட்டால், அடுத்து, இந்தப் பறிப்பைத் தடுக்க உதவக்கூடிய கடுக்காய், வாட்டில் பட்டைச் சாறுகளின் பீனால்களுக்குப் போங்கள். மாதிரியாகக் கேட்டக்காலையும் காலிக் அமிலத்தையும் எடுத்து, அதே மெத்தில்பெராக்சில் அவற்றின் ஹைட்ரஜனைப் பறிக்கும் தடையைக் கணக்கிடுங்கள். எண்ணெயைவிடத் தடை குறைவாக வந்தால், அந்தப் பீனால் முந்திக்கொண்டு ரேடிக்கலை அடக்கும். தோலின் ஈரம், அமிலத்தன்மை இரண்டும் இந்தக் கணக்கில் இல்லை. ஆகவே, தேர்ந்தெடுத்த சாற்றைச் சேர்த்த தோல் துண்டை 80 பாகையில் 24 மணி நேரம் முதுமையூட்டி, ஆறாம் நிலை குரோமியத்தை ஆய்வகத்தில் அளந்த பிறகே டிரம்முக்குக் கொண்டுபோக வேண்டும்.