கண் மாதிரி செய்வோம்

நம் கல்விக்குப் பெருந்துணை புரிவது கண். ஏறக்குறைய 2.4 செ.மீ. குறுக்களவே உடைய விழி எவ்வாறு பார்க்கின்றது? எளிய மாதிரி ஒன்று செய்து அறிவோம்.

தேவையான பொருள்கள்: பூதக்கண்ணாடி, கறுப்பு மட்டத்தாள், மெல்லிய வெள்ளைத்தாள், தேங்காயெண்ணெய், பசை, கத்தரிக்கோல்.

பூதக்கண்ணாடியைச் சன்னலுக்கு எதிரே பிடித்து, அதன் பின்னே ஒரு தாளை வைத்து நகர்த்துக. வெளிக்காட்சி தெளிவாக விழும் தொலைவை அளந்து கொள்க. அது 10 செ.மீ. எனக் கொள்வோம்.

செய்முறை:

1. மட்டத்தாளைச் சுருட்டி 15 செ.மீ. நீளக் குழல் ஒன்று செய்க. அதனுள் நகரக்கூடிய மற்றொரு குழலும் அதே நீளத்தில் செய்க.

2. வெளிக்குழலின் முன்புறம் பூதக்கண்ணாடியைப் பொருத்துக. இது விழிவில்லை.

3. அதன்மேல் 1 செ.மீ. துளையிட்ட மட்டத்தாளை ஒட்டுக. துளையே கண்பாவை. அதைச் சுற்றிப் பழுப்பு வண்ணம் தீட்டினால் கருவிழி தோன்றும்.

4. உட்குழலின் ஒரு முனையை எண்ணெய் தடவிய தாளால் மூடுக. இது விழித்திரை. அம்முனை உள்ளே செல்லுமாறு செருகுக.

அறையை இருட்டாக்கி, சன்னலுக்கு வெளியே உள்ள மரத்தை நோக்கிக் குழலைப் பிடித்து, திறந்த முனை வழியே பாருங்கள். உட்குழலை நகர்த்தினால் மரம் தெளிவாகத் தெரியும், ஆனால் தலைகீழாக! நம் விழித்திரையிலும் அவ்வாறே விழுகின்றது. பார்வை நரம்பு கொண்டு செல்லும் செய்தியை மூளையே நேராக உணர்கின்றது. எச்சரிக்கை: இக்குழலால் சூரியனை ஒருபோதும் பார்த்தல் ஆகாது.

இனி, உட்குழலை 2 செ.மீ. பின்னே இழுங்கள். மரம் மங்கிவிடும். ஆயினும், 60 செ.மீ. தொலைவில் வைத்த விளக்கு தெளிவாகத் தெரியும். இதுவே கிட்டப்பார்வை. விழி சற்று நீண்டுவிட்டால், தூரப் பொருளின் உருவம் திரைக்கு முன்னரே விழுந்துவிடும். குழிவில்லை அமைந்த மூக்குக்கண்ணாடி அதனைத் திரையில் விழச் செய்யும்.

பெற்றோர்களே! இக்குறையுள்ள பிள்ளை வீட்டில் நூலை நன்கு படிக்கும். வகுப்பில் கரும்பலகை தெரியாது விழிக்கும். தனக்குக் குறை உண்டென அதற்கே தெரியாது. எல்லார்க்கும் உலகம் இப்படித்தான் என எண்ணும். பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலோ, அருகிலிருப்பவரைப் பார்த்து எழுதினாலோ "சோம்பேறி", "மந்தம்" எனக் கடியாதீர்கள். கண்ணைச் சோதிக்க அழைத்துச் செல்லுங்கள். மங்கியது அறிவன்று, பார்வையே எனத் தெரிந்தால் பிள்ளையின் கல்வி காக்கப்படும்.